வடகரைச் சுவர்

எண்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம் ஒரு மத்தியானம், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சீனுவாசன் திண்டிவனத்தில் பத்மாம்பாள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். வீட்டை இன்சூர் செய்தால்தான் சொசைட்டியில் வீட்டுக் கடன் உண்டு. அதனால் வருஷா வருஷம் ஆடியில் அவர் வருவார், மோர் குடிப்பார், ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். இந்தத் தடவை மோரைக் குடித்து முடித்தும் பையைத் திறக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, போன வருஷம் தொண்ணூறு ரூபாயாக இருந்த பிரீமியம் இந்த வருஷம் நூற்று எழுபது ஆகிவிட்டது என்றார்.

ஏன் என்று பத்மாம்பாள் கேட்கவில்லை.

“சாந்தி வீட்டுக்கு எவ்ளோ?” என்றாள்.

சீனுவாசன் இழுத்தார். “அது வடகரைங்க. அங்க சுவரு எழுப்பிக்கினு இருக்காங்க இல்ல. அவங்களுக்கு நாப்பத்தஞ்சுதான்.”

சாந்திமதி அவளுக்கு ஐந்து வயது இளைய தங்கை. இருவரும் செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களான நயினார் வீட்டுப் பெண்கள். ஏரி நிரம்பினால் வழிந்து வரும் ஓடைக்குத் தென்கரையில் அக்காள் வீடு, வடகரையில் தங்கை வீடு. நடுவில் ஒரு சின்னப் பாலம். கண்ணையன் மேஸ்திரி ஒரே வருஷத்தில் ஒரே பிளானில் கட்டிய வீடுகள் அவை. அக்காள் புருஷன் குணபத்திரன் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். தங்கை புருஷன் பத்மகுமார் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். பார்க்கப்போனால் அக்காள் வீட்டில்தான் வசதி கொஞ்சம் கூடுதல். ஆனாலும் பத்மாம்பாள் தன் தட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தங்கையின் தட்டைப் பார்த்துப் பழகியவள். சின்ன வயதில் ஒரே துணியில் இரண்டு பாவாடை தைத்தால், தங்கையுடையதில் பூ நேராக விழுந்திருக்கிறது என்று அழுவாள். வீடு கட்டும்போது இரண்டு வாசல் கதவுக்கும் ஒரே மரத்தைத்தான் அறுத்தார்கள். சாந்தியின் கதவில் ரேகை அழகாக ஓடுவதாக அவளுக்குப் பட்டது. இத்தனைக்கும் பாசம் இல்லாதவள் அல்ல. சாந்திக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சிக்கொண்டு முதலில் ஓடுகிறவளும் அவள்தான்.

சுவர் விவகாரம் சித்திரையில் ஆரம்பித்தது. வடகரையில் பஸ் போகும் ரோடு இருந்ததால், வெள்ளத் தடுப்புக்கு வந்த அரசாங்கப் பணத்தை அந்தக் கரைக்கே ஒதுக்கிவிட்டார்கள். பழைய மண்கரையை வெட்டி எடுத்துவிட்டு, ஆள் உயரத்துக்குக் கருங்கல் சுவர். புரட்டாசிக்குள் முடிந்துவிடும் என்று விழுப்புரத்தில் இருந்த பொதுப்பணித் துறை ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை நம்பித்தான் இன்சூரன்ஸ் கம்பெனி வடகரை வீடுகளுக்குப் பிரீமியத்தைக் குறைத்தது. வடக்கே தடுத்த தண்ணீர் தெற்கேதானே பாயும் என்று தென்கரை வீடுகளுக்கு ஏற்றியும் விட்டது.

அன்று சாயங்காலம் குணபத்திரன் மண்டியிலிருந்து வந்ததும் பத்மாம்பாள் பிடித்துக்கொண்டாள்.

“நம்ம வரிப்பணமும் சேர்ந்ததுதானே அந்தச் சுவரு? அதைக் கட்டி அவங்களுக்குக் குறைப்பாங்க, நமக்கு ஏத்துவாங்களா? இது இன்னா நியாயம்?”

அவள் கேட்டதில் தப்பில்லை. குணபத்திரனும் தென்கரைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, எங்களுக்கும் ஒரு சுவர் வேண்டும் என்று விழுப்புரம் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அவர் அதோடு திருப்தியாகிவிட்டார். பத்மாம்பாளுக்குத்தான் ஆறவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் சுவர் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது. கட்டி முடித்த சுவரின் மேல் சாந்திமதி மிளகாய் காயப் போட்டிருந்தாள். அரசாங்கம் அவளுக்கென்றே கட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது பார்ப்பதற்கு.

ஒருநாள் சாந்திமதி பாலத்தைத் தாண்டி வந்து, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். “மழை ஜாஸ்தியாச்சுன்னா புள்ளைங்கள இட்டுக்கினு எங்க வீட்டுக்கு வந்துடுக்கா. எங்களுக்கு இனிமே பயமில்ல.”

கள்ளமில்லாமல் சொன்ன வார்த்தைதான். அது பத்மாம்பாளைத் தைத்துவிட்டது. மூத்தவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இளையவள் வாசலில் போய் நிற்க வேண்டுமாம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

ஆவணியில் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். கிளம்புவதற்கு முன் பத்மாம்பாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பொதுப்பணித் துறை மேலதிகாரிக்குப் பெயர் போடாமல் ஒரு இன்லேண்ட் கடிதம் எழுதினாள். கையெழுத்தைச் சாய்த்து எழுதினாள். திண்டிவனம் ஓடைச் சுவரில் சிமெண்ட் பேருக்குத்தான், மற்றதெல்லாம் மணல் என்றும், தங்கள் பக்கம் முதலில் கட்டச் சொல்லி வடகரைக்காரர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் எழுதினாள். இரண்டுமே அவளுக்குத் தெரியாத சங்கதி. திண்டிவனம் முத்திரை விழக் கூடாதென்று விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டாள். போட்ட பிறகு கல்யாண வீட்டில் நன்றாகவே சாப்பிட்டாள்.

புரட்டாசி பிறந்த வாரம் சுவர் வேலை நின்றது. மேற்கே, பாலத்தை ஒட்டி நாற்பது அடிதான் பாக்கி. அஸ்திவாரத்துக்காக அங்கே மண்கரையையும் வெட்டி வைத்திருந்தார்கள். மேலிருந்து ஆட்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கொஞ்சம் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். விசாரணை முடிகிறவரை வேலை கிடையாது என்று சித்தாள்களை அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சித்தாள்களில் ஒருத்தி சவுரியம்மாள். அவளும் அவள் புருஷன் மண்ணாங்கட்டியும் சித்திரையிலிருந்து அங்கே கல் சுமந்தவர்கள். அவள் பத்மாம்பாள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்று, யாரோ மொட்டை மனு போட்டுவிட்டார்களாம், கூலி போயிற்று, மல்லாட்டை உடைக்கிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்டாள். பத்மாம்பாள் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொடுத்தாள். மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஜன்னல் வழியே அந்த நாற்பதடி ஓட்டையைப் பார்த்தபோது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சியும் இருந்தது. ஒருவருக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை, அதுவரை சரி என்றிருந்தது.

ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் மத்தியானம் ஏரி வழிந்து ஓடை நிரம்பியது. தண்ணீர் அந்த நாற்பதடி வழியாக வடகரைக்குள் புகுந்தது. புகுந்தது திரும்பி ஓடைக்குப் போக முடியாமல் கிழக்கே கட்டி முடித்த சுவர் தடுத்து நின்றது. சுவரே இல்லாமல் இருந்திருந்தால் முழங்கால் அளவோடு வடிந்திருக்கும். இப்போது தெரு முழுக்கத் தொட்டி மாதிரி தேங்கி, சாந்திமதி வீட்டு ஜன்னல் கட்டை வரை ஏறிவிட்டது. பாதித் தண்ணீரை வடகரை வாங்கிக்கொண்டதால் தென்கரையில் பத்மாம்பாள் வீட்டு இரண்டாவது படியைத் தொட்டுவிட்டு வெள்ளம் இறங்கியது.

பொழுது சாய்வதற்குள், தண்ணீரின் வேகம் தணிந்ததும், சாந்திமதி பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தாள். தலையில் ஒரு டிரங்குப் பெட்டி, பின்னால் இரண்டு பிள்ளைகளும் புருஷனும். இருட்டினால் சாப்பிடுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது என்பதால் பத்மாம்பாள் அவசர அவசரமாக உலை வைத்து எல்லோருக்கும் சோறு போட்டாள். மூட்டையோடு வந்து நின்றது தங்கைதான் என்று கண்ட கணம் அவளுக்கு உண்டானது சந்தோஷம். அதை அவளே தன்னிடம் மறைக்க முடியவில்லை. பிறகு சாந்திமதி நனைந்த புடவையை மாற்றி அக்காள் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“உனக்கு ஒண்ணும் ஆவல பாரு, அதுவரைக்கும் நல்லதுக்கா. ரெண்டு வீடும் போயிருந்தா எங்க போயிருப்போம்?” என்றாள்.

பத்மாம்பாள் பரிமாறுகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வெள்ளம் வடிந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி ஆட்கள் வந்து சாந்திமதி வீட்டைப் பார்த்தார்கள். தரை வெடித்திருந்தது, நெல் குதிர் ஊறிச் சரிந்திருந்தது, கதவுகள் உப்பிப்போயிருந்தன. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனவர்கள், பணத்தை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். சுவர் முடியும் என்றுதான் பிரீமியம் குறைத்தோம், முடியவில்லை. ஏன் என்று கேட்டால் வடகரைக்காரர்களே லஞ்சம் கொடுத்ததாக ஒரு மனு இருக்கிறது. அது பொய்யென்று ஆனால்தான் நஷ்டஈடு என்று சீனுவாசன் வந்து சொன்னார். பத்மகுமார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அது பொய்யென்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தக் கூடத்திலேயே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து சாந்திமதி, பணம் வந்தால் பழைய சிமெண்ட் தரை வேண்டாம், மொசைக் போட்டுவிடலாம் என்று புருஷனிடம் சொன்னாள். பத்மாம்பாள் வாய் மூடிக்கொண்டது. வெள்ளம் புகுந்த வீட்டுக்கு மொசைக் தரை, புகாத வீட்டுக்கு நூற்று எழுபது ரூபாய் பிரீமியம் என்று மனசு கணக்குப் போட்டது. அப்படியே எட்டு நாள் போயிற்று. தன் வீட்டில் படுத்துத் தூங்கும் தங்கை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேதான் அந்த எட்டு நாளும் பேசாமல் இருந்தாள்.

ஒன்பதாம் நாள் சவுரியம்மாள் கொல்லைப்பக்கம் வந்தாள். அழுதிருந்தாள். கூலி விஷயமாக மண்ணாங்கட்டி கான்ட்ராக்டரோடு முன்பு ஒருமுறை சண்டை போட்டிருந்தானாம். அந்த மனுவை அவன்தான் யாரையோ வைத்து எழுதினான் என்று ஊரே பேசுகிறதாம். வடகரையில் யாரும் அவர்களை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. நேற்று நாலு பேர் குடிசைக்கே வந்து மிரட்டிவிட்டுப் போனார்களாம்.

“எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா. அவரு எழுதலன்னு நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்து அழகா இருக்கும்னு சாந்தி சின்னம்மா சொன்னாங்க.”

பத்மாம்பாள் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஊர்ப் பெயரை எழுதினாள், தேதி எழுதினாள். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

“உம் புருஷன் எழுதலன்னு எனக்குத் தெரியும் சவுரி. அதை எழுதினது நான்தான்.”

சவுரியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த மல்லாட்டைத் தோலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

“ரெண்டு மாசமா உங்க வீட்டுக் கொல்லையிலயே வந்து நின்னேனேம்மா” என்றாள். பிறகு, “அதையே எழுதுங்க. நான் இருந்து வாங்கிக்கினு போறேன்” என்றாள்.

காகிதத்தை எழுதி அவளிடம் கொடுத்தனுப்பப் பத்மாம்பாளுக்கு மனம் ஒப்பவில்லை; தானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று பட்டது. மறுநாள் குணபத்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு வார்த்தையும் திட்டாமல் சட்டையை மாட்டிக்கொண்டது அவளுக்குத் திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. இருவரும் சவுரியம்மாளையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறி விழுப்புரம் போனார்கள். மொட்டை மனுவை எழுதியவள் நான், அதில் உள்ளது எதுவும் எனக்குத் தெரிந்து எழுதியதல்ல, வேறு யாருக்கும் அதில் சம்பந்தமில்லை என்று ஆபீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “எதுக்கும்மா இதெல்லாம்?” என்று மட்டும் கேட்டார். தங்கைக்குக் கிடைத்தது என்று சொன்னால் அவருக்கு எப்படிப் புரியும்?

பெயர்த்தெடுத்துப் போன கல்லையும் காரையையும் சோதித்ததில் குறை ஒன்றும் இல்லை என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. கையெழுத்தும் கிடைத்ததால் விசாரணை முடிந்தது. மார்கழியில் வேலை மறுபடி தொடங்கி நாற்பதடியும் அடைபட்டது. மண்ணாங்கட்டியும் சவுரியம்மாளும் பழையபடி கல் சுமந்தார்கள். தை மாதம் கம்பெனி சாந்திமதி வீட்டுக்குப் பணம் கொடுத்தது.

விழுப்புரத்திலிருந்து திரும்பிய அன்றே பத்மாம்பாள் தங்கையிடமும், சுவரில் மிளகாய் காய்ந்ததைப் பார்த்து எரிந்தது வரை, சொல்லிவிட்டிருந்தாள். சாந்திமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளின் துணிகளை எடுத்து மடித்தாள்.

“மிளகா காய வைச்சதுகூட உனக்கு ஆவலயாக்கா?” என்றாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே எல்லோரும் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பழுது பார்த்துத் திரும்பக் குடிவந்தபோது பத்மகுமார் மட்டும் வந்து முறைக்கு அழைத்தார். பத்மாம்பாள் போனாள். மொசைக் தரை வழவழவென்றிருந்தது. பச்சையும் வெள்ளையும் கலந்த கல். அதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியம். சாந்திமதி எல்லோருக்கும் போல அவளுக்கும் பாயசம் கொடுத்தாள். “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று மற்றவர்களைக் கேட்டதுபோல அவளைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சாந்திமதி பாலத்தைத் தாண்டவில்லை. வழியில் பார்த்தால் நல்லா இருக்கியா என்பாள், நிற்காமல் போவாள்.

பங்குனியில் ஒருநாள் பத்மாம்பாள் சமையலறை ஜன்னலைத் திறந்தாள். வடகரையில், பாலம் ஏறும் இடத்தில், சவுரியம்மாள் சும்மாட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாந்திமதி. சவுரியம்மாள் என்னவோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, சாந்திமதி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு அக்காள் சொல்லும் கதைக்கு அவள் சிரித்த சிரிப்பு அதுதான். பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ ரகசியம் சொன்னாள். சவுரியம்மாள் காதை அவள் பக்கம் கொடுத்துக் கேட்டாள்.

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. பத்மாம்பாள் நகரவில்லை. கல் சுமக்கிற அந்தப் பெண்ணின் மேல் இவ்வளவு பொறாமை தனக்கு வரும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.