வடக்குச் சிறகின் பந்தல்

2024 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை மாலை, தாமிரபரணியின் வடகரையில் உள்ள மடத்துக்கரை வியாகுல மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறியது. அன்று கோயிலின் வடக்குச் சிறகு பூட்டியிருந்தது.

ஊரில் அதற்குக் கவட்டைக் கோயில் என்று பெயர். வடக்கும் தெற்குமாகச் சிறகுபோல இரண்டு நீளக் கூடங்கள் இரு பக்கமிருந்தும் சாய்ந்து வந்து ஒரே பீடத்தில் சேரும். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு கூடமும் தெரியும். ஒரு கூடத்தில் இருப்பவருக்கு மற்றக் கூடம் தெரியாது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், ஒரே கூரையின் கீழ் சேர்ந்து முழந்தாளிட மாட்டோம் என்று ஊரின் இரண்டு சாதிகளும் அடம்பிடித்தபோது ஒரு பிரெஞ்சுச் சாமியார் கண்ட வழி அது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரம், வண்ணக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோலக் கட்டினார். ஒரு பக்கம் ஒரு தூண் கூடியிருந்தால்கூட வம்பாகியிருக்கும்.

பிற்பாடு, யாரும் எங்கும் உட்காரலாம் என்று ஆயர் உத்தரவு போட்டார். அதை யாரும் எதிர்க்கவில்லை. யாரும் மாறி உட்காரவும் இல்லை. நாங்குநேரிப் பக்கமிருந்து நேர்ச்சை என்று வேண்டுதலுக்கு நடந்து வருகிறவர்கள் எந்த வாசல் கிட்டே இருக்கிறதோ அதில் நுழைந்துவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களின் கால்களுக்குத்தான் வாசல் தெரியும்.

ராயப்பன் வடக்குச் சிறகு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் ஸ்வீட்லின் நான்கு வருஷத்துக்கு முன்னால் தெற்குச் சிறகு ஜெய்சனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனாள். "இனி நம்ம பக்கம் நீ கால் வைக்கப்பிடாது" என்று அவர் போனில் சொன்னார். அவள் வைக்கவில்லை. ஆனால் திருவிழாப் பூசைக்கு வருவாள். மாமியார் வீட்டாரோடு தெற்குச் சிறகின் முதல் வரிசையில் உட்காருவாள்.

வடக்குச் சிறகின் முதல் பெஞ்சில் ஓர் ஓரம் உண்டு. அங்கே உட்கார்ந்து, தூணைத் தாண்டித் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் எதிர்ச் சிறகின் முதல் வரிசை தெரியும். கட்டியவரின் கணக்குத் தப்பிய ஒரே இடம் அதுதான். மூன்று திருவிழாக்களாக ராயப்பன் இருட்டோடு வந்து அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மகளின் முகத்தில் ஒரு பக்கம் தெரியும். போன வருஷம் அவள் மடியில் ஒரு குழந்தையின் கால் தெரிந்தது. பேரனுக்கு எபி என்று பெயர் வைத்திருப்பதாகப் பிறர் பேசக் கேட்டிருந்தார். வருஷம் முழுவதற்கும் அவருக்கு அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஜூலையில் வடக்குச் சிறகின் உத்திரத்தில் கரையான் கண்டார்கள். இந்தத் திருவிழாவுக்கு எல்லாரும் தெற்குச் சிறகுக்கே வந்துவிடலாம் என்று பங்குக் கூட்டத்தில் சாமியார் சொன்னார். முதலில் எழுந்தது ராயப்பன்தான்.

"பின்வரிசையில போயி ஒண்டிக்கிடச் சொல்லுதியளா சாமி? எங்க வாசல் முன்னால பந்தல் போடுங்க. பெரிய திரை வையுங்க. நாங்க இங்கனயே இருந்து பூச காணுதோம்."

வடக்குச் சிறகுக்காரர்கள் கைதட்டினார்கள். சாமியாருக்கு அலுத்துவிட்டது, சரி என்றார்.

கோயிலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மாரிராஜ் ராயப்பனோடு ஒன்றாகப் படித்தவர்.

"என்னவே, பந்தல் வாங்கிட்டீரு போல. தொண்டை இருக்குல்லா ஒமக்கு!"

"மரியாதன்னு ஒண்ணு இருக்கு வே."

"இருக்கட்டும். அந்தத் தூணு ஓரத்தப் பேத்து யாரு ஒமக்குப் பந்தல்ல நட்டுத் தருவா?"

ராயப்பன் டீயைப் பாதியில் வைத்தார். கூட்டத்தில் பேசும்போது அது நினைவில் வரவேயில்லை.

"பேசாம தெக்கு வாசல்ல நுழையும். நான் திருச்செந்தூருக்குப் போறவன், எனக்கே ரெண்டு வாசலும் ஒண்ணுதான்."

"பந்தல் கேட்டவனே அங்கன போனா சிரிக்க மாட்டானுவளா?"

"சிரிக்கட்டுமே. அவனுவளுக்கும் பொழுது போவண்டாமா?"

செப்டம்பர் 15, திருவிழாப் பூசை. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. வெயில் பட்டுத் திரை வெளுத்துத் தெரிந்தது. பீடம், மாதா சுரூபம், பாடகர் குழு, மறுபடி பீடம். ஒருமுறை கேமரா மக்கள் பக்கம் திரும்பி, பின்னாலிருந்து மூன்றாம் வரிசை வரை வந்து, அப்படியே திரும்பிவிட்டது.

பிரசங்கம் தொடங்கியதும் ராயப்பன் எழுந்தார். "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று பக்கத்து நாற்காலியிடம் சொல்லிவிட்டு, பீடத்துக்குப் பின்னால் சுற்றித் தெற்குச் சிறகின் பக்கவாசலுக்குப் போனார்.

முதல் வரிசை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பையனுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். பெஞ்சின் மேல் நின்று அம்மாவின் காதுக் கம்மலை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் கையை விலக்கத் திரும்பிய ஸ்வீட்லின் அப்பாவைப் பார்த்தாள்.

அவள் எழுந்தாள். அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது.

"உள்ள வாங்க அண்ணாச்சி, எடம் கெடக்கு" என்றார் வாசலோரம் இருந்த ஒருவர்.

"இல்ல, காத்துக்கு நிக்கேன்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் பந்தலுக்குத் திரும்பினார் ராயப்பன்.

சற்று நேரத்தில் மாரிராஜ் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பந்தலுக்குள் வந்து அவர் காதருகே குனிந்தார்.

"ஒம்ம மக வெளிய வந்து நிக்கா. பீடத்துக்குப் பின்னால, சுவரு ஓரமா. புள்ள இடுப்புல இருக்கான்."

"இங்கன வாரதுக்கென்ன?"

"வரப்பிடாதுன்னு சொன்னது நானா? ஜெய்சன் துணிப்பையத் தூக்கிக்கிட்டுப் பஸ்ஸுக்குப் போயிட்டான். நாலெட்டுதான் வே, எந்திரியும்."

முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். ராயப்பன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பூச பாதியில இருக்கு. முடியட்டும்."

"மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

"முடியட்டும்ங்கேன்லா."

மாரிராஜ் கடைக்குப் போய்விட்டார். நன்மை அப்பம் கொடுக்க ஓர் இளஞ்சாமியார் குடை பிடித்த ஆளோடு பந்தலுக்கே வந்தார். ராயப்பன் நாவில் வாங்கிக்கொண்டார். கடைசி ஆசீர்வாதத்துக்குத் திரையில் சிலுவை போட்ட கை இறங்குமுன் எழுந்து, நாற்காலிகளை இடித்துக்கொண்டு நடந்தார்.

இரண்டு சுவர்களும் கூடுகிற நிழலில் உடன்குடிப் பக்கத்து நேர்ச்சைக்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்கன ஒரு பிள்ள... கைப்புள்ளையோட..."

"மொட்டத் தலப் பையனா? நன்மை குடுக்கையிலதான் போனா. ரொம்ப நேரம் நின்னா பாவம், புள்ளயத் தூக்கிக்கிட்டு. நீங்க யாரு அண்ணாச்சி?"

அவர் பஸ் நிறுத்தத்துக்குப் போனார். தூத்துக்குடி பஸ் போய்விட்டிருந்தது.

கூரை வேலை முடிந்து 2025 மே மாதம் வடக்குச் சிறகைத் திறந்தார்கள். அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு ஸ்வீட்லின் வரவில்லை. ஜெய்சனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, மார்ச் மாதமே மூன்று பேரும் போயிருந்தார்கள்.