நல்ல சட்டை

பையில் சாவி இல்லை.

லிஃப்ட் மெக்கானிக் மறுபடியும் கையை விட்டுத் துழாவினார். ஒரு ஸ்பேனர், கசங்கிய கைக்குட்டை, அவ்வளவுதான். அவர் நின்றிருந்தது லிஃப்டின் அடிக்குழியில். பழைய லிஃப்ட், குழியிலிருந்து அதை நிறுத்த வழியில்லை. பெட்டி உச்சி மாடியில் நின்றது. அதற்கும் மேலே மோட்டார் அறையில் மச்சினன் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடமாகச் சேர்ந்து வேலை செய்யும் இருவருக்கும் ஒரே சட்டம்தான்: மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிய சாவி, குழிக்குள் இறங்குகிறவன் பையில் இருக்க வேண்டும். சாவி மேலே இருந்தால் ஆளும் மேலே வந்துவிட்டான் என்று அர்த்தம்.

பாழாய்ப்போன சட்டை! சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகணுமே என்று நல்ல சட்டையைப் போட்டு வந்திருந்தார். சுவிட்சைப் பூட்டினார், சாவியை அந்தச் சட்டைப் பையில் போட்டார், அழுக்காகிவிடுமே என்று அதைக் கழற்றி மோட்டார் அறை ஆணியில் மாட்டிவிட்டு, வேலைச் சட்டையோடு இறங்கிவிட்டார். மனசு இங்கே இருந்தால்தானே? அவர் நுரையீரலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. குழம்பில் உப்பில்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டார். மனைவி துணி மடிப்பதைக்கூட நின்று பார்த்தார். "என்னங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க?" என்று அவள் கேட்டேவிட்டாள். எங்கேயோ இருக்கிற சாவை நினைத்து நினைத்து, தலைக்கு மேலே தொங்குவதை மறந்தாயே, மடையா.

"மாப்ளே!"

கட்டடத்தில் யாரோ சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். குரல் எடுபடவில்லை. பிள்ளைகள் எட்டிப் பார்க்குமென்று தரைத்தளக் கதவையும் அவரே சாத்தியிருந்தார். ஏறித் திறக்கலாம். பாதி ஏறும்போது பெட்டி வந்தால் கதை முடிந்தது. குப்புறப் படுத்தால் ஆள் அளவுக்கு இடமுண்டு. ஏறுவதா, படுப்பதா? ஏணியில் கால் வைத்தார்.

துளைக்கும் சத்தம் நின்றது. உச்சியில் அவருடைய போன் மணி அடித்தது. நல்ல சட்டையின் பையில் இருந்த போன். மணி நின்றது. கத்த வாயைத் திறப்பதற்குள் மறுபடி துளைக்கத் தொடங்கினார்கள். மேலே கம்பிகள் அதிர்ந்தன.

அவர் எண்ணெய்த் தரையில் விழுந்து முகத்தைப் புதைத்துக்கொண்டார். காற்று முதுகில் அழுத்தியது. பெட்டி இறங்கி, முதுகுக்கு ஒரு சாண் மேலே நின்றது. துளைப்பவன் மூச்சு வாங்கினான் போலும். அந்த அமைதியில் பெட்டிக்குள் மச்சினன் தன் அக்காவிடம் போனில் பேசுவது கேட்டது.

"அக்கா, பதறாத. மாமா சட்டையில போன் அடிச்சுது, எடுத்தேன். ஆஸ்பத்திரிலேர்ந்து. சாயங்காலம் வீட்டாளுங்க யாராச்சும் கூட வரணுமாம். எதுக்குன்னு சொல்லல... எனக்கும் இப்பதான் தெரியும். சாவியும் சட்டையிலதான் இருந்துச்சு, மேல வந்துட்டு டீ குடிக்கப் போயிருப்பாரு. சுவிட்சப் போட்டு லிஃப்ட்லயே எறங்கிட்டேன், தேடுறேன்."

எதற்குக் கூட வரச் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. ஆனாலும் நெஞ்சு தரையில் திம் திம்மென்று அடித்துக்கொண்டது. கை இருந்தது, கால் இருந்தது, மூக்கு நிறைய எண்ணெய் வாடை. சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஸ்பேனரை எடுத்துப் பெட்டியின் அடியில் தட்டினார்.



"மாமா?"

மறுபடி தட்டினார். மேலே மச்சினன் தொப்பென்று உட்காரும் சத்தம். பிறகு, அவர் தட்டிய அதே இடத்தில், உள்ளங்கையால் பட் பட்டென்று தரையை அடிக்கும் சத்தம்.