இன்னொரு கை

வேப்பம்பட்டில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் முட்டி இடிக்க உட்கார்ந்து ரம்யா சிப்காட் தொழிற்பேட்டைக்குள் வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். கார் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியின் கேன்டீன் சுவரில் அவள் வடிவமைத்த தொடுதிரையை மாட்டி நாலு மாதமாகிறது. லீவு வேண்டுமென்றால் இனி சூப்பர்வைசர் பின்னால் அலைய வேண்டாம், திரையில் போட்டால் போதும். அதைத் தன் ஆபீஸில் காட்டிக் கைதட்டுகூட வாங்கியிருந்தாள்.

"திரையில ஒரு குறையும் இல்ல மேடம்," என்றார் ஹெச்.ஆர். துளசிராமன். "ஆளுங்கதான் பேஜாரு. லீவு போடுவாங்க, அவங்களே ரத்து பண்ணுவாங்க, அப்பால வராம நின்னுடுவாங்க. கேட்டா, போட்டேன்னு சாதிப்பாங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

அவர் நீட்டிய பட்டியலில் பதினோரு பேர். கடைசிப் பெயர் சாராள். புருஷனின் ஹெர்னியா ஆபரேஷனுக்காக மூன்று நாள் வராதவள். சொல்லாமல் நின்றதாக அவளுக்கு மெமோ. ஏழு வருஷக் கான்ட்ராக்ட்டுக்குப் பிறகு, நிரந்தரமாக்கும் பட்டியலில் இந்த மாதம்தான் அவள் பெயர் ஏறியிருந்தது. இன்று நாலு மணி விசாரணையில் அது அடிக்கப்பட்டுவிடும்.

"திரை நல்லா வேலை செய்யுதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும். ஃபைல்ல சேத்துடுவேன்."

ரெண்டு வரி எழுதிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்க ரம்யாவுக்கும் ஆசைதான். ஆனால் பதினோரு பேரும் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப். பெயின்ட் ஷாப்பில் ஒருவர்கூட இல்லை. ஒரே ஷாப்காரர்களுக்கு மட்டும் சொல்லிவைத்தாற்போல் புத்தி கெட்டுப்போகுமா என்ன? அது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

டீ இடைவேளையில் சாராளைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டாள். "அன்னிக்கு எப்படிப் போட்டீங்களோ அப்படியே போடுங்கக்கா. நான் நடுவுல எதுவும் சொல்ல மாட்டேன்."

"இதுலயும் இன்னாவாச்சும் மாட்டி உட்ருவீங்களா மேடம்?" என்றபடியே சாராள் திரைமுன் நின்றாள்.

பத்தாவது பாஸ் செய்தவள். தேதி, காரணம் எல்லாம் மளமளவென்று போட்டாள். கடைசிப் பக்கம் வந்தது. கீழே இடப்பக்கம் ஒரு பச்சை வட்டம், வலப்பக்கம் ஒரு பச்சை வட்டம். ஒன்றில் 'அனுப்பு', மற்றதில் 'ரத்து'. சாராள் இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கி, இரண்டின்மேலும் ஒரே நேரத்தில் வைத்தாள். திரை 'நன்றி' என்றது.

"ஏன்கா ரெண்டையும் அழுத்துறீங்க?"

"ஒண்ண அழுத்தினா எப்படி மேடம் ஓடும்?" சாராளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "பாருங்க, நன்றின்னு போட்டுச்சு. அன்னிக்கும் இப்படித்தான் போட்டுச்சு. அத்த நம்பித்தான் ஆஸ்பத்திரிலயே இருந்துக்கினேன்."

ரம்யாவுக்கு விளங்கவில்லை. சாராள் அவளைத் தன் மெஷினுக்கே கூட்டிப்போனாள். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் பிரஸ். இடுப்பு உயரத்தில் இரண்டு பச்சைப் பட்டன்கள், நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. சாராள் ஒன்றை மட்டும் அழுத்திக் காட்டினாள். மெஷின் அசையவில்லை.

"ரெண்டு கையும் பட்டன்மேல இருந்தாத்தான் எறங்கும். இல்லாங்காட்டி ஒரு கை உள்ள மாட்டிக்கினா? வெரலு போயிடும் மேடம்."

ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை, ஏழு வருஷம். கண் படிப்பதற்கு முன்னால் கை போய்விடுகிறது.

அந்த இரண்டு வட்டங்களும் பச்சையானது இந்தக் கம்பெனி முதலாளியின் விருப்பம், தலையாட்டியது ரம்யா. இரண்டையும் சேர்த்துத் தொட்டால் ரத்து என்று எடுத்துக்கொள், அதுதான் பாதுகாப்பு என்று விதி எழுதியது அவள். ஒரு பக்கம் மிச்சமாகட்டும் என்று இரண்டுக்கும் ஒரே 'நன்றி' வைத்ததும் அவள்தான். சோதித்துப் பார்த்தது ஆபீஸில் நாலு பேரை வைத்து. நாலு பேருக்கும் ஒரு கையில் காபி.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. 'பயிற்சி தேவை' என்று இரண்டே வார்த்தையில் தப்பிக்க வழியிருந்தது. அவள் தொழிலில் அது வழக்கமும்கூட.

நாலு மணிக்குத் துளசிராமன் ஃபைலைத் திறந்தார். சாராள் சுவரோரம் நின்றாள்.

"கடைசியா கேக்கறேன்மா. ரத்து பண்ணது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் ரம்யா.

அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்ச் சாராளை மறுபடி போடச் சொன்னாள். இரண்டு கை, ஒரு நன்றி. துளசிராமன் திரையிலிருந்து ரம்யாவிடம் திரும்பினார்.

"இத்த எழுத்துல குடுப்பீங்களா? உங்க ஆபீசுக்கும் ஒரு காப்பி போகும்."

"குடுக்கறேன் சார். பதினோரு பேருக்கும் சேத்து."

ரம்யா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். துளசிராமன் சாராளின் மெமோவில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

கிளம்புமுன் ரம்யா ஒரு தாளில் ஒரே ஒரு பெரிய வட்டம் வரைந்து, 'அனுப்பு' என்று எழுதி, திரைமேல் ஒட்டினாள். "இப்ப அழுத்துங்கக்கா."

சாராள் வலது கையை அதன்மேல் வைத்தாள். இடது கை தானாக எழும்பி, வைக்க இடமில்லாமல் அந்தரத்தில் நின்றது.

"இந்தக் கைய எங்க மேடம் வெக்கறது?"

ரம்யா தாளைப் பிய்த்து எடுத்தாள். புதுத் தாளில் ஒன்றரை அடி இடைவெளி விட்டு இரண்டு வட்டம் போட்டாள். இரண்டிலும் 'அனுப்பு' என்றே எழுதினாள்.