பச்சை இலை ஒட்டிய கப்பு

பக்கத்துப் பட்டறை கொளஞ்சியப்பன் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கேட்டுக்கொண்டிருந்த சுஹைனாவுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நேத்து ஒன் டிராலியில கொஞ்சம் எடம் சும்மா கெடந்துச்சும்மா. என் கப்பு கொஞ்சத்த ஏத்தி வுட்டேன். எறக்குனவங்க எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கிட்டாங்க போல. போனா போவுது, நீயே வச்சிக்க."

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் இதற்கெல்லாம் யாரும் கோபப்பட முடியாது. சூளை எல்லாருக்கும் பொது. சூளைக்குள் போகிற டிராலியில் இடத்தைக் காலியாக விட்டு நெருப்பை வீணாக்கினால்தான் பேச்சு வரும். பக்கத்துப் பட்டறைச் சரக்கை ஏற்றிக்கொள்வதும் அச்சை இரவல் கொடுப்பதும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பது மாதிரி. சுஹைனாவின் கப்பு அச்சே அவரிடம் இரவல் வாங்கியதுதான். அதனால் இரண்டு பேர் கப்பும் ஒரே உயரம், ஒரே வளைவு, ஒரே வெள்ளை. மேலே பூசுகிற கிளேஸ் மட்டும்தான் வேறு. அவருடையது பேர் எழுதிப் பரிசாகக் கொடுத்து ஷோகேஸில் வைக்கிற கப்பு. காரீயம் கலந்த மலிவான கிளேஸே அதற்குப் போதும். இவளுடையது வாயில் வைத்துக் குடிக்கிற கப்பு, அதில் காரீயம் இருந்தால் விஷம்.

காரீயம் இல்லாத கிளேஸுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் பூசியது வெடித்தது, அப்புறம் பூசியது வழிந்தது. கடைசியில் சோதனைக்கு அனுப்பிய கப்பு தேறியது என்று தெரிந்த அன்று, மங்கலம்பேட்டை வீட்டில் அழுதுகொண்டே சேமியா பாயசம் கிண்டினாள். கப்புகளை வாங்கிக்கொள்வதாகச் சொன்ன சென்னைக் கடைக்காரர்கள் ஸ்டிக்கர் அனுப்பினார்கள். பச்சை இலை, கீழே 'காரீயம் அற்றது, பூமிக்கு உகந்தது' என்று எழுத்து. ஸ்டிக்கரே பிளாஸ்டிக் என்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சூளைப் புகையைப் பற்றியும் பீங்கான் மாவுத் தூசியில் இருமுகிற பெண்களைப் பற்றியும் அந்த இலைக்கு என்ன தெரியும்? பூமியைப் பற்றி அது சொல்வதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் காரீயம் அற்றது என்பது சத்தியம். அந்த ஒன்றுக்காகத்தான் தலை நிமிர்ந்து நடந்தாள்.

இப்போது அதுவும் போயிற்று. வெளியே போய் நின்று, சென்னைக் கடையின் கோகுலகிருஷ்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"டெஸ்ட்தான் பாஸ் ஆயிடுச்சே மேடம், அப்புறம் என்ன? கஸ்டமர் இலையத்தான் பாப்பாங்க. வண்டி திருச்சியில சரக்கு ஏத்திக்கிட்டு வேப்பூர் தாண்டிடுச்சு, இப்ப ஒங்ககிட்ட வந்துடும். நாளைக்குப் புதுக் கடை தெறப்பு. இப்ப இல்லைன்னா நாங்க வேற எடம் பாத்துக்குவோம், தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க அவளுக்கு நேரமில்லை. ஒரு கப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். தட்டிக் காதருகே வைத்தாள். எது யாருடையது என்று தெரியவில்லை. இன்னொன்றை எடுத்தாள். வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். கலந்தது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நம்முடையதுதானே என்று மனசு நைசாகப் பேசியது. அந்தப் பேச்சு கோகுலகிருஷ்ணனின் குரலிலேயே கேட்டதுதான் எரிச்சலாக இருந்தது.

தரையில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த பிரபாவுக்கு இது எதுவும் தெரியாது. ஒரு கப்பைத் துடைத்து இலையை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தியவள் தலையைத் தூக்கினாள்.

"அக்கா, எம் பாப்பாவுக்கு இதுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா? வூட்டுல இருக்கற டம்ளருல பெயிண்டு உரியுது. இதுன்னா இலை போட்டிருக்குது, பயமில்லாம பால் ஊத்திக் குடுக்கலாம்."

வேறு நாளாக இருந்தால் இரண்டாக எடுத்துக்கொள் என்றிருப்பாள். நல்லதாக ஒன்றைத் தானே எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள். கை ஒரு கப்பின் காதைத் தொட்டது, விட்டது. பக்கத்துக் கப்புக்குப் போனது. அங்கேயும் நிற்கவில்லை.

"இன்னைக்கி வேணாம் பிரபா."

"சரிக்கா." பிரபாவின் முகம் சுண்டிப்போயிற்று. கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும், அது சுஹைனாவுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. பிரபாவின் பிள்ளைக்குக் கொடுக்கப் பயந்ததை, முகமே தெரியாத எந்தப் பிள்ளைக்கு ஏற்றி அனுப்புவது?

அவளும் தரையில் உட்கார்ந்தாள். இலையின் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தாள். நல்ல பசை. இலை பாதியில் கிழிந்து வந்தது, காம்பு கப்பிலேயே நின்றுவிட்டது. அதைச் சுரண்டினாள்.

"என்னக்கா பண்றீங்க?" என்றாள் பிரபா.

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. சுஹைனா எழுந்து போகாமல், விரலில் ஒட்டிய பாதி இலையைப் புடவையில் துடைத்தாள். அது அங்கே ஒட்டிக்கொண்டது. அடுத்த கப்பை எடுத்து மடியில் வைத்தாள்.