மூன்றாம் பக்கத்துக் கோடு

பெயருக்கு அடியில் ஒரு கோடு, பென்சிலால், அழுத்தாமல், நூல் பிடித்த மாதிரி நேராக, முதல் அத்தியாயத்தின் மூன்றாம் பக்கத்தில், அதைப் பார்த்ததும் பன்னிரண்டு வயது வடிவுக்கு வயிறு பற்றி எரிகிறது, சங்கரன்கோவிலில் அந்த வாடகை நூலகத்தில் மர்ம நாவல் எடுத்துப் படிக்கிற எல்லாருக்கும் அந்தக் கோட்டின் அர்த்தம் தெரியும், கொலை செய்தவன் இவன்தான், இனி நீ இருநூறு பக்கம் படித்தும் பிரயோசனமில்லை, எந்தப் புண்ணியவானாவது படித்து முடித்த கையோடு போட்டுவிட்டுப் போகிற கோடு அது, ஆனால் இந்தப் புத்தகம் அன்றைக்குத்தான் வந்த புதுப் புத்தகம், வீட்டில் முதலில் படித்தவள் கோமதி அக்கா, அவள் அடுக்களைப் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள், ஏங்க்கா இப்படிச் செஞ்ச என்று கேட்டால் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சும்மாதாம்ட்டி, நீ அழுதா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணிச்சு என்கிறாள், வடிவு அழவில்லை, அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுப்பானேன், மூன்று நாள் பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

பேச்சை விட்டாளே தவிர புத்தகத்தை விடவில்லை, உச்சிவேளையில், தெருவே உறங்குகிற வெயிலில், கொல்லையில் காக்கா கூடக் கத்தாத நேரத்தில், அந்த நேரத்துக்கென்றே ஒரு பயம் உண்டு, அது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், சுவரில் சாய்ந்துகொண்டு அவள் படித்தாள், யார் கொன்றது என்று தெரிந்துவிட்டதால் கதை ஓடவில்லை, நின்று நின்று நகர்ந்தது, எழுதினவன் இந்த இடத்தில் இவனைக் காப்பி ஆற்ற வைக்கிறான், இந்த இடத்தில் எல்லாரையும் விட இவனை உரக்க அழ வைக்கிறான், கண் முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டே மறைக்கிறான், அடப்பாவி, இவ்வளவுதானா, இதை நானும் செய்யலாமே என்று தோன்றியபோது அடுப்பில் சோறு பொங்கி வழிந்து தணலை அணைத்திருந்தது, அன்று சாயங்காலமே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கிணறு ஒன்றைப் பற்றி எழுத ஆரம்பித்தாள், அப்புறம் எத்தனையோ நோட்டுகள், எதுவும் அச்சில் வரவில்லை, நிறுத்தவும் முடியவில்லை, எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து வந்தது, உன்னால்தான்க்கா நான் எழுத வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நாற்பது வருடத்தில் சொல்லவில்லை.

கீரை உருவிய அந்தக் கையில் இப்போது இரண்டு ஊசி, ஒன்றின் வழியே ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது, மற்றதன் வழியே திரும்பி வருகிறது, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் செவ்வாயும் வெள்ளியும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ், தாலுகா அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிற வடிவு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அக்காவைக் கூட்டிவருகிறாள், குறுக்கெழுத்துப் போட அக்காவிடம் எப்போதும் ஒரு பென்சில் உண்டு, இந்த வருடம் குறுக்கெழுத்தை ஓரங்கட்டிவிட்டு வடிவின் நாவலைப் பிடித்துக்கொண்டாள், ஒவ்வொரு அத்தியாயமாக, நோட்டு நோட்டாக, குற்றாலத்துக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களா, செத்துப்போன டாக்டர், தினமும் மாலை ஆறு மணிக்கு மாடியிலிருந்து அவருடைய இருமல் கேட்கிறது, அக்கா படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக் கூரையை அண்ணாந்து பார்க்கிறாள், ஏட்டி, எனக்கு இருமல் கேக்குதுட்டி, அது அடுத்த கட்டில்காரர்க்கா, ஆமா, ஆனா எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, இந்தா கையப் பாரு, வடிவுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு யாரும் தந்ததில்லை.

இருபத்தொரு அத்தியாயம் முடிந்தது, யாருட்டி கொன்னா, காதுல மட்டும் சொல்லு, மாட்டேன், அன்னைக்குக் கோடு போட்டல்லா, இப்பக் கெடந்து தவி, ஏட்டி, கடைசி வரைக்கும் நான் இருப்பேனான்னு யாரு கண்டா, அதெல்லாம் இருப்ப, பேசாமப் படு, சொல்லாட்டாப் போ, நானே கண்டுபிடிச்சிருவேன் என்று அக்கா சிரித்தாள், மூச்சு வாங்கியது, ஆனால் கடைசி அத்தியாயம் கார்த்திகையிலேயே எழுதி முடிந்துவிட்டது, வடிவின் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது, டாக்டரின் தம்பி மகன்தான் கொன்றவன் என்று சுத்தமாக எழுதி இருபது பக்கம், அதைத் தொட்டுக்கொண்டே அவள் சொல்கிறாள், இன்னும் வரமாட்டேங்குதுக்கா, அடுத்த வாரம் பாப்போம், இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கும்மா என்று டாக்டரம்மா வராந்தாவில் வைத்துச் சொன்ன நாளிலிருந்து வடிவுக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது, அக்கா எந்தப் புத்தகத்தையும் பாதியில் விட்டவள் இல்லை, கல்யாணத்தன்று கழுத்தில் மாலையோடு உட்கார்ந்து கடைசிப் பத்துப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மணவறைக்கு வந்தாள், முகூர்த்தமே காத்திருந்தது, முடிவைக் கொடுக்காமல் இருக்கும்வரை இவள் போகமாட்டாள், எமனும் கொஞ்சம் காத்திருப்பான், மார்கழி போயிற்று, பையில் அந்த இருபது பக்கத்தின் ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை பட்டு, தை பிறந்தது.

தையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் புறப்படத் தலை சீவிக்கொண்டிருந்த அக்கா சீப்போடு சாய்ந்துவிட்டாள், வடிவு அப்போது பஸ் நிலையத்தில் மடியில் பையோடு அவளுக்காகக் காத்திருந்தாள், போன் வந்தது, பிறகு நடந்த எதிலும் அவள் அழவில்லை, கூடப் பிறந்தவ கல்லு மாதிரி நிக்கா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது, விழட்டும், அவளுக்குள் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது, கேட்டாளே, காதில் மட்டும் சொல் என்று கேட்டாளே, பையிலேயே வைத்துக்கொண்டு இல்லை என்றேனே, சண்டாளி நான், சண்டாளி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அத்தான் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து வைத்தார், உன் நோட்டெல்லாம் இதுல இருக்கும்மா, கடைசி வாரம் பூரா முத நோட்டத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தா, என்னத்தப் பாத்தாளோ, அவர் போனபின் உச்சிவேளையில் வடிவு அதைத் திறந்தாள், மூன்றாம் பக்கம், ஒரு பெயருக்கு அடியில் பென்சில் கோடு, பூக்காரி இசக்கியம்மாள், அந்தப் பெயர் வைத்தது வடிவுக்கே மறந்துபோயிருந்தது, பங்களாவுக்கு மாலையில் பூக் கொடுத்துவிட்டுப் போகிறவள், அந்தப் பக்கத்தில் அவளுக்கு இரண்டே வரி, தப்பு, முப்பதாம் பக்கத்துக்குள் கொலைகாரனைப் பிடித்துவிடுகிற அக்கா முதல் தடவையாகத் தப்பாகப் போட்டிருக்கிறாள், அது தப்பு என்று தெரியாமலே போய்விட்டாள்.

ஆனாலும் வடிவு அந்தக் கோட்டிலிருந்து படிக்கத் தொடங்கினாள், பன்னிரண்டு வயதில் படித்த மாதிரி, யாரென்று தெரிந்துகொண்டு, நின்று நின்று, தினமும் வருகிற ஒருத்தி, நாய்கள் குரைக்காத ஒருத்தி, வீட்டில் எத்தனை பேர் என்று போலீஸ் எண்ணுகிறபோது யாரும் சேர்க்காத ஒருத்தி, அந்த இருமலை முதலில் கேட்டதாகச் சொன்னதே இவள்தானே, எட்டாம் அத்தியாயத்தில், அதை எழுதிய கைக்கே அது தெரியவில்லை, படுத்துக்கொண்டு படித்தவளுக்குத் தெரிந்திருக்கிறது, தம்பி மகன் எங்கே, இவள் எங்கே, அவனைப் போய்க் கொலைகாரன் ஆக்கினேனே, வடிவு தன் பையிலிருந்து அந்த இருபது பக்கத்தை எடுத்து அடுப்பில் போட்டாள், புது நோட்டை விரித்தாள், எழுதி முடிக்கச் சித்திரை ஆகிவிட்டது, கடைசி வரியில் பூக்காரி இசக்கியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஆமா, நாந்தான் என்கிறாள்.

பதிப்பகத்துக்கு அனுப்பத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது முதல் நோட்டில் மறுபடி அந்தப் பக்கம், பெயருக்கு அடியில் ஒரு கோடு, பென்சிலால், அழுத்தாமல், ஊசி குத்தாத கையால் போட்டது, வால்பக்கம் கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, நீ சொன்னதுதாங்க்கா சரி என்று வடிவு வாய்விட்டுச் சொன்னாள், சொன்னபிறகு அழுதாள், நோட்டு நனையாமல் தள்ளி வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள், அவள் அழுதால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டவள் பக்கத்தில் இல்லை.