ஏழாம் பாத்தியை யார் பிடுங்கச் சொன்னது

திங்கட்கிழமை காலை பாஞ்சாலி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது ஏழாம் பாத்தியில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையென்றால் ஒரு தண்டு, ஒரு வேர், ஒரு காய்ந்த இலைகூட இல்லை. மண்ணைக் கொத்தி, நிரவி, மேலாகத் தண்ணீர் வேறு தெளித்து வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு குச்சி, குச்சியில் ஓர் அட்டை, அட்டையில் சிரிக்கிற மூஞ்சி வரைந்திருந்தது. பாஞ்சாலி தோளில் இருந்த சாப்பாட்டுப் பையைக்கூட இறக்காமல் பாத்தி ஓரத்திலேயே நின்றுவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கிளம்பும்போது அங்கே இடுப்பு உயரத்துக்கு அரைக்கீரை நின்றது. வெட்டி விற்கிற கீரை இல்லை, விதைக்கு விட்ட கீரை. பொங்கலிலிருந்து கத்தி படாமல் பார்த்துக்கொண்டது. கதிர் விட்டு, பூத்து, கதிரெல்லாம் பழுப்பாக ஆரம்பித்திருந்தது. இன்னும் பத்து நாள் வெயில் பட்டிருந்தால் போதும், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் கருகருவென்று விதை உதிர்ந்திருக்கும்.

விதைதானே, கடையில் கிடைக்காதா என்று கேட்கிற புத்திசாலிகள் எல்லாரும் ஒரு நடை அடையாறு காந்தி நகருக்கு வந்து, அந்த ஐந்து கிரவுண்டு நிலத்தின் போர் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துப் பார்க்கட்டும். ஆறு கடலில் சேர்கிற இடம் பக்கம்தான். வாயில் வைத்தால் கரிக்கும். கடை விதையைத் தூவினால் முளைக்கும், நாலு இலை விடும், அப்புறம் நுனி கருகி உட்கார்ந்துவிடும். முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் போயிற்று. பாத்திக்குப் பத்துச் செடி தேறினால் அதிகம். தேறின அந்தப் பத்தையும் பாஞ்சாலி வெட்டாமல் விதைக்கு விட்டாள். அந்த விதையைத் தூவி, அதிலும் உப்புக்கு அசையாமல் நின்றதை மட்டும் மறுபடி விதைக்கு விட்டாள். இப்படியே ஒன்பது வருஷம். இன்றைக்கு அந்தக் கரிப்புத் தண்ணீரிலேயே பாத்தி அடைத்துக்கொண்டு கீரை வருகிறது என்றால் அது அவள் பொறுக்கிப் பொறுக்கி எடுத்த விதை. எந்தக் கடையிலும் கிடையாது.

அவளிடமும் இப்போது கிடையாது. அதற்குக் காரணம் ஆப்.

நிலம் ஜலஜா மாமியுடையது; அதில் பயிர் பார்க்கிறவள் பாஞ்சாலி. மாமி மயிலாப்பூரில், வடக்கு மாட வீதிக்குப் பின்னால் குடியிருக்கிறாள்; பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வாரத்தில் இரண்டு நாள் ஆட்டோவில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். மகன் ஷ்ரவண் தரமணியில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்கு அவன்தான் பண்ணையை நிர்வாகம் பண்ணுகிற சாஃப்ட்வேர் ஒன்றைக் கொண்டுவந்து பாஞ்சாலியின் போனில் ஏற்றிக் கொடுத்தான். பாத்திக்கு நம்பர் போட்டான். எந்தப் பாத்தியில் என்ன, என்றைக்குத் தூவினது, என்றைக்குத் தண்ணீர், என்றைக்கு அறுவடை, எல்லாம் கட்டம் கட்டமாக வரும். நேரத்துக்கு நடந்தால் பச்சை, கொஞ்சம் பிந்தினால் மஞ்சள், ரொம்பப் பிந்தினால் சிவப்பு.

சும்மா சொல்லக் கூடாது, முதலில் பாஞ்சாலிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மிளகாய்க்கு எரு போட்டு எத்தனை நாள் ஆச்சு என்று மண்டையைக் குடைய வேண்டியதில்லை. பம்பு போடுகிற கதிரேசன் தண்ணீர் விட்டேன் என்று புளுகினால் அதில் தெரிந்துவிடும். அவளுக்கு இங்கிலீஷில் எழுத வராது. எட்டாவது வரை படித்த தமிழ்தான். அதற்கும் ஷ்ரவண் வழி சொன்னான். மைக் படத்தை அழுத்திப் பேசுங்க அக்கா, எனக்கு வந்துடும் என்றான். அவளும் பேசினாள். பெரும்பாக்கத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் பேசினாள், களை எடுத்துக்கொண்டே பேசினாள். இன்ன பாத்தியில் பூச்சி, இன்ன மூலையில் தண்ணீர் தேங்குகிறது, கத்தரிக்கு இது வேண்டாம் அது போதும், எல்லாம்.

பொங்கல் முடிந்ததும் ஆப் ஒரு திட்டம் போட்டது. அரைக்கீரை மூன்று பாத்தி போதாதாம், ஆறு வேண்டுமாம். அறுபது வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை காய்கறிப் பெட்டி போகிறதே. பாஞ்சாலி யோசித்தாள். ஏழாம் பாத்தி விதைக்கு நிற்கிறது, பங்குனியில் புது விதை வந்துவிடும் என்ற தைரியத்தில் கையில் இருந்த விதையைக் கடைசிப் பிடி வரைக்கும் ஆறு பாத்தியிலும் தூவினாள். அவள் பண்ணின தப்பு அது ஒன்றுதான்.

கதிரேசன் பம்பு ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகப் பார்த்தவனைக் கூப்பிட்டு நிறுத்தினாள். அவன் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னான். நேற்று ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி வந்திருக்கிறது. பெட்டி வாங்குகிற வீட்டுக்காரர்கள்தான் அவர்கள், தி.நகரும் அடையாறும், மண்ணில் கை வைத்தால் மனசுக்கு நல்லது என்று மாசத்துக்கு ஒரு தடவை தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள். ஞாயிறு பாஞ்சாலிக்கு லீவு. அவர்கள் போனிலும் ஆப் உண்டு. அதில் பார்த்தார்களாம், ஏழாம் பாத்தி ஒன்றரை மாசமாகச் சிவப்பு, அறுவடை பண்ணாமல் வீணாய்ப்போன பயிர், அப்புறப்படுத்தவும் என்று போட்டிருந்ததாம். பதினாலு பேர் சேர்ந்து அரை மணி நேரத்தில் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கினதைத் தூள் பண்ணுகிற மெஷினில் விட்டு, எருக்குழியில் கொட்டி, தண்ணீரும் ஊற்றியாயிற்று.

"நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்றாள் பாஞ்சாலி.

ஆப்பிலேயே போட்டிருக்கிறது என்றார்கள், நான் என்ன சொல்வது என்றான் கதிரேசன். அவனைத் திட்டுவதற்குக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. எருக்குழியில் கையை விட்டுப் பார்த்தாள். பச்சைக் கூழாக வந்தது. ஒரு கதிர்கூட முழுசாக இல்லை.

அந்த நேரம் பார்த்து போன் கூவியது. இன்றைய வேலை: ஒன்றிலிருந்து ஆறு வரை அரைக்கீரைப் பாத்திகளைப் பிடுங்கவும். முள்ளங்கிக்குத் தயார் செய்யவும். பொறுப்பு பாஞ்சாலி.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். ஆப்பின் கணக்கில் அரைக்கீரை மூன்று வெட்டோடு சரி. மண்ணில் அது எட்டு வெட்டு வரும், அது வேறு விஷயம். இந்த உலகத்தில் அவளுடைய விதையில் முளைத்தது என்று மிச்சம் இருப்பது அந்த ஆறு பாத்திதான். அதையும் அவள் கையாலேயே பிடுங்கச் சொல்லி வந்திருக்கிறது. அதுவரை அடக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் தலைக்கு ஏறியது. மாமிக்குப் போன் போட்டாள். நீங்களும் உங்க புள்ளையும் இப்பவே வரணும், வர்ற வரைக்கும் நான் கத்திய தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். ஒன்பது வருஷத்தில் அப்படி அவள் வைத்ததில்லை.

ஒன்பதரைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். பாஞ்சாலி மூன்றாம் பாத்திக்கும் நாலாம் பாத்திக்கும் நடுவே வரப்பில் குந்தியிருந்தாள். எழுந்திருக்கவில்லை. ஷ்ரவண் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது, பத்தரைக்கு மீட்டிங் என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தான். கெட்ட பையன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நடந்ததைக் கேட்டதும் முதல் காரியமாகப் போனை எடுத்துப் பார்த்தான் பாருங்கள், அங்கேதான் பாஞ்சாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கின பாத்தி கண்ணெதிரே கிடக்கிறது, அதைப் பார்க்கவில்லை.

அந்தப் பாத்தி ரொம்ப நாளாச் சிவப்பிலேயே இருந்தது, அதனால் சிஸ்டம் அப்படி எடுத்துக்கொண்டுவிட்டது, வந்தவர்கள் பாவம் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள் என்றான். விதைக்கு விட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா என்றும் சொன்னான்.

"சொல்லிக்கீறேன்" என்றாள் அவள். "நீ குடுத்த மைக்ல சொல்லிக்கீறேன். எட்த்துப் பாரு."

அவன் போனில் எதையோ தட்டி, எங்கேயோ உள்ளே போய், இன்னும் உள்ளே போய்த் தேடினான். தேடினவன் விரல் நின்றுவிட்டது. மாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பாஞ்சாலி பேசினதெல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தது. நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி.

"இந்தப் புள்ளி என்னடா?" என்று கேட்டாள் மாமி.

"இன்னும் கேக்கலைன்னு அர்த்தம்மா."

"எதையுமேவா?"

அவன் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது. பாஞ்சாலி மெல்ல எழுந்து நின்றாள். கத்தப்போகிறாள் என்றுதான் கதிரேசன் நினைத்தான். அவள் குரல் ஏறவே இல்லை.

"நாப்பத்தோரு தபா பேசிக்கீறேன் தம்பி. பஸ்ல நின்னுக்கினு பேசிக்கீறேன், பக்கத்துல இருக்கறவ பைத்தியமான்னு பாக்கறா. மெஷினாண்டயா பேசினேன்? உன்னாண்ட பேசறேன்னு நெனச்சிக்கினுதான் பேசினேன்."

மாமிதான் அழுத்தச் சொன்னாள், அந்தப் பாத்தியைப் பற்றினது எது, அதைப் போடு என்று. ஷ்ரவண் தேடிப் போட்டான். மூன்று வாரத்துக்கு முன்னால் பேசினது. பஸ் இரைச்சலுக்கு நடுவே பாஞ்சாலியின் குரல் நன்றாகவே கேட்டது. "தம்பி, நான் பாஞ்சாலி பேசறேன். ஏழாம் பாத்தி அரைக்கீரைய விதைக்கு வுட்டுக்கீறேன். அது செவப்பு காட்டும், காட்டட்டும். ஞாயித்துக்கெழம வர்றவங்களாண்ட சொல்லிடு, அதுல யாரும் கை வெக்க வேணாம். வேற விதை கைல இல்ல. இந்த ஒரு பாத்திதான். மறந்துடாத. சாப்ட்டியா? வெச்சிடறேன்." ஐம்பத்திரண்டு நொடி, பஸ் இரைச்சலும் சேர்த்து.

ஷ்ரவண் மன்னிப்புக் கேட்டான். கேட்ட கையோடு, ஆப்பில் விதைப் பாத்தி என்று தனியாக ஒரு பிரிவு வைத்துவிடுகிறேன், ஊதா நிறம் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தான். மாமி அவனைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, பாஞ்சாலியிடம், சரி, நடந்தது நடந்துபோச்சு, ஆறில் இரண்டு பாத்தியை விதைக்கு விட்டுவிடு, மீதி நாலில் வேலை நடக்கட்டும் என்றாள். நியாயமாகத்தான் சொல்வதாக மாமிக்குத் தோன்றியது.

பாஞ்சாலி ஒப்புக்கொள்ளவில்லை. ஆறும் வேண்டும் என்றாள். இனிமேல்தான் அக்கினி வெயில் வரப்போகிறது, போர் தண்ணீர் இன்னும் கரிக்கும். எந்தப் பாத்தியில் எந்தச் செடி நிற்கும், எது சாயும் என்று இப்போதே யார் சொல்ல முடியும்? ஆறிலும் பார்த்துப் பொறுக்கினால்தான் உருப்படியாக ஒரு படி விதை தேறும். இரண்டில் விட்டு, அது சாய்ந்துபோனால் மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். எனக்கு நாப்பத்தெட்டு ஆகுது மாமி, இன்னொரு ஒம்பது வருசத்துக்கு நான் எங்க போவேன் என்றாள். சித்திரை கடைசி வரைக்கும் இந்த ஆறு பாத்தியில் கத்தி படாது. நீங்கள் வேறு ஆளை வைத்துப் பிடுங்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த ஆள் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றாள்.

அறுபது வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று ஷ்ரவண் கேட்டான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இப்ப போட்டியே, அதையே அந்த பெட்டி வாங்கறவங்க குரூப்புல போடு. போட்டோ போட்டுக்கீறாங்க இல்ல, அதுக்குக் கீழ போடு."

போட்டோ அவள் போனுக்கும் வந்திருந்தது. பதினாலு பேரும் அவளுடைய கீரையை வேரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், முன்னால் சாய்சரண் என்கிற தி.நகர்க்காரன் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு. ஷ்ரவண் தயங்கினான். அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே, ஆசையாக வருகிறவர்கள் என்றான். சங்கடப்படட்டும் என்றாள் பாஞ்சாலி. இவன் இன்னும் ஏதோ சொல்ல, மாமி கையை நீட்டிப் போனை வாங்கினாள். எப்படிப் போடுவது என்று அவனையே கேட்டு, அவளே போட்டாள். போட்டுவிட்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது நொடியில் முதல் பதில் வந்தது. ஓர் இதயம். அடுத்து ஒரு கைகூப்பு. அப்புறம் கட்டைவிரல், பூங்கொத்து, இன்னும் இரண்டு இதயம். யாரோ ஒருத்தி, பாஞ்சாலி அம்மா குரலே தனி அழகு என்று எழுதினாள். சாய்சரண் எழுதினான்: நன்றி அம்மா, அடுத்த ஞாயிறு மிச்சம் ஆறு பாத்தியையும் முடித்துவிடுகிறோம். ஐம்பத்திரண்டு நொடிப் பேச்சைப் போட்டு அதற்குள் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மாமி போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். கணக்கு டீச்சர், அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷ்ரவண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பு இல்லை, நெஞ்சு காய்ந்துபோனால் வருமே அது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம நானும் வரேன்" என்றாள். "எல்லாரையும் வரச் சொல்லு, ஒருத்தரு வுடாம. பாத்தியாண்ட நிக்க வெச்சு நானே சொல்றேன். எம் மூஞ்சியப் பாத்து கேக்கட்டும்."

அன்றைக்கு உங்களுக்கு லீவு ஆச்சே அக்கா என்று ஷ்ரவண் வாயெடுத்தான். மாமி அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள், அவன் நிறுத்திக்கொண்டான். பாஞ்சாலி அதற்குள் பம்பு ஷெட்டுக்குப் போய்க் கயிறும் நாலு கழியும் எடுத்துக்கொண்டு, முதல் பாத்தியைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்திருந்தாள்.