இஸ்மெலி கேட்ட வரி

1

இந்தக் கதையை நான் எழுதியிருக்கக் கூடாது. எங்கள் நாட்டுத் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் ஒரு மனித உரிமை அமைப்பின் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். தொண்ணூற்றொன்றில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு, வீட்டு ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் ஒளிந்து வந்து பேசிய ஒலிநாடாக்கள் எங்களிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றியது இது. அதை உங்களுக்குப் போட்டுக் காட்ட எனக்கு அனுமதியில்லை. அதனால்தான் கதை என்கிறேன். இஸ்மெலி அவள் பெயரல்ல.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை கொட்டிய ஒரு காலையில், கறுப்புக் குடையோடு ஒரு கிழவி

அடித்துவிட்டேன். அன்று மழையில்லை. இஸ்மெலி கிழவியும் இல்லை. அறுபதை எட்டியிருப்பாள், சந்தையில் கூவிக் கூவிக் குரல் தடித்தவள். வந்ததும் என் மேசைமேல் ஒரு பொட்டலத்தை வைத்தாள். வறுத்த வாழைக்காயும் காரமான கோஸ் ஊறுகாயும்.

"லஞ்சம்னு நெனச்சுக்காத பிள்ளை," என்றாள். "ஆனா லஞ்சம்தான்."

நாடாக்களை எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் ஏற்றப்போகிறோம் என்பதை வானொலியில் கேட்டிருக்கிறாள்.

"நான் பேசினதுல ஒரு பேரு வருது. அத மட்டும் எடுத்துடு."

"யாரு பேரு, மதாம்?"

"லுக்னர். பக்கத்து வீட்டுக்காரன். என் புருஷன இழுத்துட்டுப் போனானுங்களே, அன்னைக்கு எங்க வீட்டக் காட்டிக்குடுத்தவன்."

"தப்பாச் சொல்லிட்டீங்களா?"

"தப்பில்ல. இப்ப அவன் பொண்ணு என் மருமக."

3

(அந்தக் கல்யாணத்துக்கு எப்படிச் சம்மதித்தாள் என்று இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.)

"அவன் கழுத்துல துப்பாக்கி வச்சிருந்தானுங்க பிள்ளை. என் கண்ணால பாத்தேன். அந்த எடத்துல நீயா இருந்தாலும் கைய நீட்டியிருப்ப. அத நெனச்சு நெனச்சுத்தான், என் மகன் அவன் பொண்ணு மிர்லாந்தக் கூட்டிட்டு வந்து நின்னப்போ கதவத் தொறந்தேன்."

பெயரை அழிக்க முடியாது, ஆனால் முழு நாடாவையும் பூட்டி வைக்கலாம், அவள் பேத்தியின் காலம் முடியும்வரைகூட என்றேன். அதற்கு அவள் கைநாட்டு வைக்க வேண்டும். அதற்கு முன், பேசியது தன் குரல்தான் என்று கேட்டு உறுதி சொல்ல வேண்டும். அது எங்கள் விதி. ஒரே ஒருமுறை அதை நான் மறந்து தொலைத்திருக்கலாம்.

"கேட்டுட்டாப் போச்சு," என்றாள்.

4

நாடாவில் இளம்பெண் குரல். அழவில்லை. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பதுபோல் பேசினாள்.

"லுக்னர் வாசல்ல நின்னான். 'அந்தப் பச்சைக் கதவு'ன்னான்."

"அவன யாராவது மிரட்டினாங்களா?" பதிவு செய்தவரின் குரல்.

"இல்ல. சிகரெட் பிடிச்சிட்டு நின்னான். போறப்போ ஜீப்புல அவனுக்கும் எடம் குடுத்தாங்க."

இஸ்மெலி இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன்.

"துப்பாக்கி எங்க?"

"நாடாவுல இல்ல, மதாம்."

"நான்தான் பேசறேனா அது?"

"நீங்கதான்."

என்னிடம் இல்லை, நாடாப் பெட்டியிடம், "அப்ப அத நான் எப்பப் பாத்தேன்?" என்றாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் லுக்னரை மறுபடியும் மன்னிக்கிறாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் வீட்டுக்குப் போய் மருமகளிடம்

வேண்டாம். மிர்லாந்த் என்ன செய்தாள், பாவம்.

நடந்தது இவ்வளவுதான். இஸ்மெலி கைநாட்டு வைக்கவில்லை; அவள் முடிவு சொல்லும்வரை நாடா காப்பகத்தை விட்டு வெளியே போகாது. பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். கதவருகே நின்றாள்.

"நீ கதையெல்லாம் எழுதுவியாமே, காவல்காரன் சொன்னான்."

"எழுதுவேன்."

"இத எழுதினா துப்பாக்கிய வச்சிடு பிள்ளை. அவன் கழுத்துல."

காப்பகத்தில் என்னால் முடியாததைக் கதையில் ஒரே வரியில் செய்துவிடலாம். பலமுறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் நாடாவில் பேசிய அந்த இளம்பெண் குறுக்கே வந்தாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டுப் போனவள்.

இஸ்மெலிக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு. அது நீங்களாக இருந்தால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த இடத்தில் உங்கள் வாயில் என்ன வருகிறதோ அதைச் சொல்லுங்கள்.

லுக்னர் வாசலில் நின்றான். அவன் கழுத்தில்